ஜெசிந்தா வரைந்த பசு

ஜெசிந்தாவைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மேடம். அம்மா பேசினத மட்டும் அவங்க பேசின மாதிரியே எழுதுங்க. திருத்திடாதீங்க" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எதையும் திருத்தாமல் விடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால்தான் இதெல்லாம் நடந்தது என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும்.

என் பெயர் நீரஜா. மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு அறைகள் எடுத்துக் குழந்தைகள் புத்தகம் போடுகிறேன். ஜெசிந்தா ஏழு வருடமாக எங்களுக்குப் படம் வரைகிறாள். பாலவாக்கம் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா லூர்துசாமி கடலுக்குப் போனவர். அவள் பத்தாவது படிக்கும்போது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அம்மா காவேரி மீன் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். காவேரி இந்து வீட்டில் பிறந்து, லூர்துசாமியைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு வந்தவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கடைசிவரை காவேரிதான்.

ஜெசிந்தாவுக்கு ஒரு தம்பி. ஆண்டனி. நான்கு வயது இளையவன். பதினொன்றாம் வகுப்போடு நின்று, சித்தப்பாவின் படகில் ஏறினான். வீட்டில் ஒருத்தர் படித்தால் போதும், நீதான் நன்றாக வரைகிறாய், நீ படி என்று அக்காவிடம் சொன்னானாம். அப்போது ஓவியக் கல்லூரியில் இருந்த அவள் ஐந்து வருடப் படிப்பையும் முடித்தாள். முடித்ததும் தி. நகரில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் யானையும் வாழைமரமும் வரைந்தாள். பள்ளி நோட்ஸ் போடுகிறவர்களுக்குத் தவளையும் இதயத்தின் குறுக்குவெட்டும் வரைந்தாள். பிறகு எங்களிடம் வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதில் முக்கால்வாசி எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முதல் ஐந்து வருடத்தில் அவள் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம்: வீடு பாலவாக்கம், அம்மா மீன் விற்கிறார். நானும் கேட்டதில்லை. படம் சொன்ன தேதிக்கு வந்துவிடும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, உலகம் உண்டான விதத்தை ஒவ்வொரு நாட்டிலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பன்னிரண்டு கதைகள் சேர்த்து ஒரு புத்தகம் போட நினைத்தேன். கதைகளை நானே எழுதினேன். கதைக்கு ஒன்றாக முழுப்பக்கப் படம் ஜெசிந்தா வரைய வேண்டும். அதில் ஒன்று, ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த நார்ஸ் மக்கள் சொன்ன கதை.

ஆதியில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் நெருப்பு, நடுவே பெரிய பள்ளம். பனி உருகிச் சொட்டியதில் ஒரு பசு உண்டாயிற்று. அதன் பெயர் ஔதும்லா. மேய்வதற்குப் புல் ஏது? உப்புக் கரிக்கும் பனிப்பாறையை அது நக்கிக்கொண்டு நின்றது. முதல் நாள் சாயங்காலம், நக்கிய இடத்தில் ஒரு மனிதனின் தலைமுடி தெரிந்தது. இரண்டாம் நாள் தலை தெரிந்தது. மூன்றாம் நாள் முழு ஆளும் எழுந்து வெளியே வந்தான். அவன் வம்சத்தில்தான் அவர்களுடைய கடவுள்கள் பிறந்தார்கள்.

அந்த ஆளின் பெயரைத் தமிழில் எழுதினால் பூரி என்று வருகிறது. குழந்தைகள் கிழங்கு எங்கே என்று கேட்பார்கள் என்று அலுவலகத்தில் அரை நாள் சிரித்தோம். நான் பெயரை எடுத்துவிட்டு 'ஆதி மனிதன்' என்று போட்டேன். அன்று ஜெசிந்தாவும் அங்கே இருந்தாள். அவளும் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

மற்ற பதினொரு படங்களும் வந்துவிட்டன. இது வரவில்லை.

சோம்பலால் இல்லை. மற்ற எதற்கும் படாத பாடு இதற்குப் பட்டாள். பனிமலையை அவள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸ் பாளம் ஒன்றை உடைக்காமல் கொண்டுவரச் சொல்லி, வாசலில் சாக்கு விரித்து வைத்து, மேலே கல்லுப்பைத் தூவி, அது குழிவிழுந்து உருகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். பசுவுக்காக மேற்கு மாம்பலம் போயிருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து வரும் கூட்டம் இடித்துக்கொண்டு போகிற ஒரு சந்தில், சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒரு மாடு பசைக்காக நக்கித் தின்றுகொண்டிருந்தது. நாக்கு எப்படி நீள்கிறது, ஓரம் எப்படிச் சுருள்கிறது என்று நான்கு பக்கம் வரைந்துகொண்டு வந்தாள். அவற்றைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

ஆனால் படம் என்று முதலில் வந்ததில் ஆள் இல்லை. பக்கம் நிறைய மலைபோலப் பசு, நீலமும் பச்சையுமாகப் பனி, அதன் நடுவில் ஒரு கைப்பிடி கறுப்பு முடி. அவ்வளவுதான்.

"ஆள் எங்க ஜெசி?"

"இது மொதல் நாள் மேடம்."

"கொழந்தைகள் ஆளத் தேடுவா. எழுந்து வர்ற மாதிரி முழுசாப் போடு."

அடுத்த படத்தில் ஆள் வந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் வேண்டும் என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டேன். மூன்றாவதில் அவன் திரும்பி நின்றான். முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, கண்ணும் இல்லை, வாயும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஃபோன் செய்து, அச்சகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது, ஒரு முகம் வரைய மூன்று வாரமா என்று கேட்டேன்.

"வேற யாரையாவது வரையச் சொல்லுங்க மேடம். எனக்கு வரல."

ஐந்து வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. சனிக்கிழமை காலை நான் பாலவாக்கம் புறப்பட்டுப் போனேன். சமாதானம் செய்யப் போனேன் என்று சொல்லலாம். படத்தை வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன்.

கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, தளம் போட்ட சின்ன வீடு. முன்னறையில் அவள் மேசை. சுவரில் லூர்துசாமியின் படம், மாலை போட்டு, கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஒரு இளைஞனின் படம். அதற்கு மாலை இல்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பியா? எங்க இருக்கான், வெளியூரா?" என்று கேட்டேன்.

பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் அம்மாதான் அங்கிருந்தே சொன்னார்: "கடலுக்குப் போய்கீறான். வந்துருவான்."

ஜெசிந்தா என்னை டீ வாங்கித் தருவதாகச் சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு போனாள். டீக்கடைக்குப் போகவில்லை. கடற்கரையில், ஏற்றி வைத்திருந்த படகுகளுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

அன்றைக்கு ஏழு வருடத்துக்கு முன்பு, ஒரு ஆகஸ்ட் மாதம். ஆண்டனிக்கு இருபத்தாறு வயது. சித்தப்பாவும் ஆண்டனியும் கோதண்டபாணி என்ற நண்பனும் ஒரே படகில் போயிருந்தார்கள். பாணி, ஆண்டனியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். திரும்பி வரும்போது, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அலை படகைப் புரட்டியது. சித்தப்பாவும் பாணியும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டனியின் காலில் வலை சுற்றிக்கொண்டது. பாணி ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆண்டனியின் தலைமுடியைப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரம் பிடித்திருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அடுத்த அலையில் முடி கையிலிருந்து வழுக்கிவிட்டது.

கடலில் போன உடல் மூன்றாம் நாள் மேலே வரும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். காவேரி மணலில் போய் உட்கார்ந்தார். சோறு தண்ணீர் இல்லை. அந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கே இழுக்கும் என்பதால் ஜெசிந்தாவும் உறவுக்காரர்களும் வண்டிகளில் கரையோரமாகத் திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், காசிமேடு என்று தேடிக்கொண்டே போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், இன்னும் வடக்கே ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாக ஃபோன் வந்தது. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். வேறு யாரோ. விரலில் மோதிரம் போட்ட, வயதான ஆள்.

"அவன் இல்லன்னதும் சந்தோஷமா இருந்துது மேடம்" என்றாள் ஜெசிந்தா. "வெளிய வந்து படியில உக்காந்தப்பறம், இவனா இருந்துருக்கக் கூடாதான்னு அழுதேன்."

அவள் திரும்பி வந்து சொன்னதும் காவேரி மணலை உதறிக்கொண்டு எழுந்தார். வரவில்லை என்றால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம், ஏதாவது கப்பல்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டார். அடுத்த வாரம் மீன் ஏலத்துக்குப் போய்க் கூடையை எடுத்தார். அதன்பின் அவர் முன்னால் யாரும் ஆண்டனியை 'இருந்தான்' என்று சொல்ல முடியாது. பூசை வைக்க விடவில்லை. இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொண்டுவந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். பாணி அந்தத் தெருப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டான். முடியைப் பிடித்தவன் ஏன் விட்டான் என்று காவேரி ஒருமுறை அவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"மொத நாளு முடி, ரெண்டாம் நாளு தல, மூணாம் நாளு ஆளுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க" என்றாள் ஜெசிந்தா. "எனக்கு முடி வரைக்கும்தான் மேடம் தெரியும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கதையையே எடுத்துவிடலாம், பதினொன்று போதும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சரியென்றா, வேண்டாமென்றா, தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது காவேரி கையைக் கழுவிக்கொண்டு மேசையருகே வந்து, அந்த முகமில்லாத படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா கதம்மா? ஒரு மாசமா இத்தயே வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறா. கேட்டா சொல்ல மாட்றா."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்குப் பொய் ஒன்றும் தோன்றவில்லை. கதையைச் சொன்னேன். பனி, பசு, உப்பு, முதல் நாள், இரண்டாம் நாள். காவேரி கதவில் சாய்ந்து நின்று கேட்டார்.

"மூணாம் நாளு?"

"மூணாம் நாள் அவன் முழுசா வெளிய வந்துட்டான்."

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

அவர் படத்திலிருந்த பசுவின் நெற்றியைத் தொடாமல் தொடுவதுபோல விரலை வைத்தார்.

"குடுத்து வெச்ச மாடு" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குக் கொடுத்தனுப்ப நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டினார். எங்கள் வீட்டில் யாரும் அசைவம் சாப்பிடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெசிந்தா எனக்குப் பல தடவையாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஏலத்துக்குப் போகாமல், காவேரி நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வரை" என்றார். யாரை என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. புதுத் தாள் எடுத்துப் பசுவையும் பனியையும் முதலிலிருந்து வரைந்தாள். முகத்துக்கு வந்தபோது, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொள்ளப் போனாள். காவேரி தடுத்துவிட்டார்.

"அதுல சிரிக்கிறான். பனிக்குள்ளருந்து எயுந்து வர்றவன் சிரிப்பானா? நான் சொல்றேன், நீ போடு."

சொன்னார். இடது புருவத்தில் ஒரு வெட்டு. ஏழு வயதில் நங்கூரத்தில் இடித்துக்கொண்டது. மோவாயில் குழி, ஆனால் இவ்வளவு ஆழமில்லை. காது அப்பா காது மாதிரி, மேல்பக்கம் மடங்கியிருக்கும். கழுத்தில் ஜெபமாலைக் கயிறு பட்டுக் கறுத்துப்போன கோடு. ஜெசிந்தா மறந்துபோனவையும் இருந்தன, அவளுக்குத் தெரியவே தெரியாதவையும் இருந்தன. சில நேரம் காவேரிக்கு ஞாபகம் வராது. மூக்கு எப்படி முடிகிறது என்று இரண்டு நாள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. அப்போதெல்லாம் காவேரி தன் மூக்கையே தடவிப் பார்த்துக்கொள்வார். "இந்த மூக்குதான் அவனுக்கும். போடு" என்று ஒருநாள் சொன்னார். பதினோரு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை கண்களை முடித்தாள். திறந்த கண்கள். கதையில் அவன் உயிரோடு வருகிறவன் அல்லவா. நேராகப் பார்த்தான்.

காவேரி எழுந்து வந்து நின்றார். கிட்டத்தில் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"ஜெசி, கண்ண மூடிடு."

"ஏம்மா? நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. அவனேதான். ஏழு வருசமா இப்டித்தான் முயிச்சிப் பாத்துக்கினு கீறான். எங்க போனாலும் பாத்துக்கினே கீறான். போதும், தூங்கட்டும். மூடிடு."

ஜெசிந்தா தூரிகையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டு, இரண்டு இமைகளையும் இறக்கினாள். இரண்டாவது கண்ணை மூடி முடித்ததும் காவேரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மணலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளிலும் அழாதவர். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். யாரும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையைப் பார்த்ததும் அவர்களும் காவேரியைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சாய்ந்து மாரடித்து அழுதார்கள். செத்தவனுக்கு அழ வேண்டிய அழுகை அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் காவேரி பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். உடல் இல்லாமல் அடக்கம் செய்ய முடியாது, நினைவுப் பூசை வைக்கிறேன் என்றார் சாமியார்.

"ஒடம்பு இல்லாமத்தான் சாமி ஏழு வருசம் சோறு எட்த்து வெச்சேன்" என்றார் காவேரி.

சாமியார் பூசைக்கு நாள் குறித்தார். லூர்துசாமியின் கல்லறையைத் திறந்து அந்தப் படத்தை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

கல்லறையைத் திறக்க ஆள் வேண்டும். காவேரி பாணிக்குச் சொல்லி அனுப்பினார். அவன் வருவான் என்று ஜெசிந்தா நினைக்கவில்லை. வந்தான். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கல்யாணமாகி, கொஞ்சம் தொந்தி விழுந்து, ஆள் மாறிப்போயிருந்தான்.

"உள்ள வாடா பாணி" என்றார் காவேரி.

அவன் வந்தான். மேசைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

"பாரு. நீதான் கடசியா பாத்தவன். முடி இப்டித்தான இருந்துது?"

பாணி வெகுநேரம் பார்த்தான். தன் வலது கையை மடக்கி விரித்தான்.

"இப்டித்தான்மா இருந்துது" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காவேரி அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து, படத்தைத் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்து, லூர்துசாமியோடு வைத்தார்கள். கல்லில் பெயர் பொறிக்க வந்தவர் இறந்த தேதி கேட்டபோது, ஜெசிந்தா படகு கவிழ்ந்த தேதியைச் சொல்ல வாயெடுத்தாள். காவேரி மறித்து, பெட்டி வைத்த தேதியைப் போடச் சொன்னார். அதுவரைக்கும் அவன் தனக்கு இருந்தான் என்றார். கோயில் பதிவேட்டில் ஒரு தேதியும் கல்லில் வேறு தேதியும் இருக்கின்றன.

இதெல்லாம் நடந்து பத்து நாள் கழித்து ஜெசிந்தா மயிலாப்பூர் வந்தாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, படம் முடிந்தது மேடம், ஆனால் உங்களிடம் தர முடியாது என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னாள். கேட்டு முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதத்தான் வேண்டும். அவள் அம்மா பேச்சைத் திருத்தக் கூடாதென்றால் என் பேச்சையும் திருத்தக் கூடாது.

"உள்ள வைக்கறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சியோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "எடுக்கல மேடம்" என்றாள்.

புத்தகத்துக்கு வேறு படம் வரைந்து தருவதாகச் சொன்னாள். நான் அவள் முதலில் வரைந்ததையே எடுத்துப் போட்டேன்: பசு, பனி, ஒரு கைப்பிடி முடி. புத்தகம் வந்தது. கே.கே. நகரில் ஒரு பள்ளிக்குக் கதை வாசிக்கப் போனபோது, ஒரு சின்னப் பெண் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "மீதி ஆளு எங்க?" என்று கேட்டது. கதையில் வந்துவிட்டான் என்றேன். அது நம்பாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். துக்கம் ஆறியது என்று எல்லாரும் நினைத்தோம். காவேரிக்கு ஆறவில்லை, வடிந்துவிட்டது. அவரை ஏழு வருடம் நிமிர்த்தி வைத்திருந்தது அந்தக் காத்திருப்புதான். அவன் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும் என்றுதான் கூடையைத் தூக்கியிருக்கிறார், சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார், முட்டிவலிக்கு மாத்திரை போட்டிருக்கிறார். இனி வருவதற்கு யாருமில்லை. முதலில் ஏலத்துக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தெருவுக்கு வருவதை நிறுத்தினார். கோபித்துக்கொள்ளவில்லை, புலம்பவில்லை. கேட்டால் "நல்லாத்தான கீறேன்" என்பார். டாக்டர்கள் சர்க்கரை என்றார்கள், ரத்தம் குறைவு என்றார்கள். பாணி தினமும் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன் பெண்டாட்டி கஞ்சி கொண்டுவருவாள். போன வருடம் மழைக்காலத்தில், நவம்பர் கடைசியில், ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அதே கல்லறை. சவப்பெட்டியை இறக்குமுன் பாணி உள்ளே இறங்கி, படம் இருந்த மரப்பெட்டியை எடுத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தான். ஈரத்தில் பலகை உப்பியிருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. அம்மாவை இறக்கிய பிறகு, அவர் நெஞ்சுக்கு மேலே வைக்கச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்.

"நான் அந்தக் கண்ண மூடாம இருந்திருந்தா, அம்மா இன்னிக்கும் காத்துக்கினு இருந்திருப்பாங்க இல்ல மேடம்?"

தான் மேடம் என்று கூப்பிடுகிறவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். இல்லை என்று சொல்ல நினைத்தேன். அம்மாதானே மூடச் சொன்னார் என்று சொல்ல நினைத்தேன். ஆள் வேண்டும், முகம் வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியவள் நான். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் குடித்துவிட்டு, அடுத்த புத்தகத்துக்கான தாள்களைப் பிரித்தாள்.

இப்போது அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். மேசையை முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். சுவரில் மூன்று படங்களுக்கும் மாலை போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாணியின் பெண்டாட்டி கூப்பிட்டால் சாப்பிடப் போகிறாள். எங்களுக்காகக் கொசுவின் வாழ்க்கையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வரைந்துகொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவசரமில்லை, முடிந்தபோது கொடு என்று சொல்லியிருக்கிறேன்.